மூட்டைப்பூச்சி: வாடகை வீட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ சென்னை வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ ஓ.எம்.ஆர். பக்கம் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டிலோ குடியேறியிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், விலை மட்டும் கொஞ்சம் மாறும். நானும் அறைத்தோழர்களும் ஒரு கோடை முழுக்க மூட்டைப்பூச்சியோடு மல்லுக்கட்டினோம். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாதி யோசனைகள் பணத்தைக் கரைத்தன, சில யோசனைகள் ஆளையே கொன்றிருக்கும். கடைசியில் ஒழுங்காகத் தேடியதும், முட்டை பொரியும் நாளைக் கணக்குப் பார்த்து இரண்டாவது முறை மருந்து அடித்ததும்தான் பலன் தந்தன. இந்தத் தேதிக் கணக்கு கீழே அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அது மூட்டைப்பூச்சிதானா என்று பாருங்கள்

தடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொசு கடித்தாலும் தடிக்கும், சொறி வந்தாலும் அரிக்கும், நாய் பூனை வளர்க்கும் வீட்டில் தெள்ளுப்பூச்சி கணுக்காலைப் பதம் பார்க்கும். மூட்டைப்பூச்சிக் கடி பெரும்பாலும் போர்வைக்கு வெளியே தெரியும் கை, கழுத்து, தோள், கால் ஆகிய இடங்களில் வரிசையாகவோ கூட்டமாகவோ இருக்கும். ஆனால் சிலருக்குத் தடிக்கவே தடிக்காது. வேறு சிலருக்குக் கடித்து நாள் கழித்துத்தான் தடிப்பு தெரியும், சமயத்தில் 2 வாரம்கூட ஆகும். ஒரே அறையில் ஒருவர் இரவெல்லாம் சொறிவார், பக்கத்துக் கட்டில்காரர் "எனக்கு ஒண்ணுமே இல்லையே, உனக்குத்தான் ஏதோ அலர்ஜி" என்பார். அவர் கட்டிலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

சாட்சி படுக்கையில் கிடைக்கும். இவற்றைத் தேடுங்கள்:

மெத்தைத் தையலோரம் பேனா மையால் குத்தியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். இது அதன் எச்சம். ஈரத்துணியால் துடைத்தால் பழுப்பாக இழுபடும். விரிப்பிலும் தலையணை உறையிலும் சின்னச் சின்ன ரத்தக் கறைகள். நீங்கள் புரண்டு படுக்கும்போது நசுங்கியவை. வைக்கோல் நிறத்தில் காலியான தோல்கள். வளரும்போது 5 முறை தோலுரிக்கும் என்பதால் இவை நிறையக் கிடக்கும். வெள்ளை நிற முட்டைகள், சுமார் 1 மி.மீ. நீளம், இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் பூச்சியே. வளர்ந்தது 5 முதல் 7 மி.மீ. இருக்கும், தட்டை, பழுப்புச் சிவப்பு, இறக்கை கிடையாது, பறக்காது, குதிக்காது. குஞ்சு 1.5 மி.மீ. அளவில் வெளிறி இருக்கும். ரத்தம் குடித்த பிறகுதான் கண்ணில் படும்.

ஒன்றையாவது பிடித்து செலோடேப்பில் ஒட்டி வையுங்கள். ஓனரிடம் பேசும்போதும், மருந்து அடிக்க வருபவரிடம் காட்டவும் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தேதியோடு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இது கடிப்பதால் மனிதருக்கு நோய் பரவுவதாக இதுவரை நிரூபணம் இல்லை. அரிப்பு, தூக்கக்கெடு, சொறிந்து புண்ணாவது, இவைதான் தொல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி கேலமைன் லோஷன் தடவலாம். கொப்புளமாகவோ சீழாகவோ மாறினால், முகம் வீங்கினால், மருத்துவரைப் பாருங்கள். அழுக்கான வீட்டில்தான் வரும் என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். அதற்குத் தேவை ரத்தம், உங்கள் வீட்டுத் தரை பளபளவென்று இருக்கிறதா என்பது இல்லை. சாமான் அடைசலாக இருந்தால் ஒளிய இடம் அதிகம், அவ்வளவுதான்.

2. ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுங்கள்

இதற்கு ஒரு விடுமுறை நாளின் பாதியை ஒதுக்குங்கள். வேண்டியவை: செல்போன் டார்ச், காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று, அகலமான செலோடேப், ஸ்க்ரூடிரைவர், சோப்புத் தண்ணீர் நிறைந்த கிண்ணம். கார்டை இடுக்கில் செருகி மெதுவாக இழுத்தால் உள்ளே இருப்பவை வெளியே வரும். டேப்பில் ஒட்டியோ சோப்புத் தண்ணீரில் தள்ளியோ முடித்துவிடலாம். கையால் நசுக்க வேண்டாம், கறையும் நாற்றமும் போகாது.

கட்டிலில் தொடங்குங்கள். பெரும்பாலானவை நீங்கள் படுக்கும் இடத்திலிருந்து சில அடி தூரத்துக்குள்தான் இருக்கும். மெத்தையின் தையலோரம், லேபிளின் அடிப்பக்கம், இலவம்பஞ்சு மெத்தை என்றால் குஞ்சம் கட்டிய குழிகள். கட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். ஹாஸ்டல்களில் இருக்கும் இரும்புக் கட்டிலில் குழாயின் திறந்த முனைகள், ஆங்கிளும் தகடும் சேரும் இடம், போல்ட் ஓட்டை, இவை பூச்சியின் காலனிகள். இரண்டடுக்குக் கட்டிலில் மேல் தட்டின் அடிப்புறத்தைப் பார்க்க மறக்காதீர்கள். மரக்கட்டிலில் தலைமாட்டுப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே. நாடாக் கட்டிலாக இருந்தால் நாடா மடிப்பு ஒவ்வொன்றும். கோரைப்பாயில் படுப்பவர்கள் பாயின் துணி ஓரத்தையும், சுருட்டி வைக்கும் மூலையையும் பாருங்கள்.

பிறகு சுவர். ஆணி ஓட்டை, காலண்டரின் பின்பக்கம், உரிந்த சுண்ணாம்பு, ஸ்விட்ச் போர்டின் விளிம்பு (மெயினை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்), ஜன்னல் திரைக் கம்பி, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள வெடிப்பு. அப்புறம் கட்டிலடியில் தள்ளி வைத்திருக்கும் சூட்கேஸ், பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்புறம், சோபா, லேப்டாப் பை, புத்தக அடுக்கு.

எங்கெங்கே கிடைத்தது என்று அறையின் ஒரு கோட்டுப்படம் போட்டு, புள்ளி வையுங்கள். மருந்து அடிக்க வருபவர் பெரும்பாலும் அவசரத்தில் இருப்பார். படத்தைக் கையில் கொடுத்தால் மூலைமுடுக்கை விடமாட்டார்.

3. கண்ட அன்றே செய்யக் கூடாதவை

பதற்றத்தில் எல்லோரும் செய்வது அறை மாறிப் படுப்பது. வேண்டாம். நீங்கள் ஹாலுக்குப் போனால் அது உங்களைத் தேடி ஹாலுக்கு வரும், அதுவரை ஒரு அறையில் இருந்த பிரச்சினை இரண்டு அறைக்கு ஆகும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் பட்டினியில் செத்துவிடும் என்பதும் நடக்காது. வளர்ந்த பூச்சி ரத்தம் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்.

மெத்தையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினால், கட்டில் இடுக்கில் இருப்பவை புது மெத்தைக்குக் குடிபோகும். வீணான மெத்தையை எறிந்தே ஆக வேண்டும் என்றால் நெகிழித் தாளில் சுற்றி, வெளியே "மூட்டைப்பூச்சி" என்று மார்க்கரில் எழுதி, நடுவில் கத்தியால் கிழித்துவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் தெருவில் நல்ல மெத்தை கிடக்கிறதே என்று யாராவது எடுத்துப்போய்விடுவார்கள்.

கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை எடுத்துச் சுற்றிலும் அடிப்பதும் அப்படித்தான். நேராகப் பட்ட நாலு சாகும், மற்றவை சுவரிடுக்குக்குள் சிதறும். இந்தியாவில் மூட்டைப்பூச்சிகளுக்கு பைரெத்ராய்டு வகை மருந்துகளை எதிர்க்கும் சக்தி பரவலாக வந்துவிட்டது. கடை ஸ்ப்ரேக்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். புகை குண்டு, ஃபாகர் போன்றவையும் இடுக்குக்குள் போகாது.

அன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓனருக்கோ வார்டனுக்கோ போட்டோவுடன் எழுத்தில் தெரிவிப்பது. வாட்ஸ்அப் போதும். "இன்று, இந்தத் தேதியில், இந்த அறையில் மூட்டைப்பூச்சி கண்டேன்" என்று தேதி போட்டு அனுப்புங்கள். வாயால் சொன்னது பிறகு ஞாபகத்தில் இருக்காது.

4. துணிமணி: தண்ணீரைவிடச் சூடு

மூட்டைப்பூச்சியைக் கொல்வது சோப்பு இல்லை, வெப்பம். 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். 48 டிகிரியில் வளர்ந்தது 20 நிமிடத்தில் சாகும், முட்டைக்கு ஒன்றரை மணி நேரம் தேவை. 45 டிகிரி என்றால் முட்டைக்கு 7 மணி நேரம். ஆகவே 60 டிகிரியில் துவைக்கும் வசதியுள்ள மெஷின் இருந்தால் அதில் போடுங்கள். சாதாரண டாப் லோடு மெஷினில் பச்சைத் தண்ணீர்தான் ஓடும், அதில் முட்டை தப்பிக்கும். அப்படியானால் அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். இல்லாவிட்டால் காசு போட்டுத் துவைக்கும் கடைகளில் டிரையரை அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டலாம். டிரையரில் காய்ந்த துணியைப் போட்டாலே போதும், துவைத்திருக்க வேண்டும் என்பதில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தையலோரங்களில் நிறுத்தி நிறுத்தித் தேய்ப்பதும் உதவும். ஆனால் பூச்சியோடு இருக்கும் மூட்டையைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், பாவம், அவர் வண்டியில் நாலு வீட்டுத் துணி இருக்கும்.

வரிசை முக்கியம். துணியைக் கட்டிலருகிலேயே பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் அறையை விட்டு வெளியே எடுக்க வேண்டும். சூடேறிய துணியை வேறு புதுப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பழைய பையில் திரும்பப் போட்டால் செய்ததெல்லாம் வீண். பூச்சி போய்விட்டது என்று உறுதியாகும்வரை (படி 9) அந்தப் பைகளிலிருந்துதான் துணி எடுத்து உடுத்த வேண்டும். பார்க்கச் சகிக்காது, வேறு வழியில்லை.

கத்திரி வெயிலில் மெத்தையை மொட்டை மாடியில் காயப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மேல்புறம் சுடும்போது பூச்சி நிழல் பக்கமாக நகர்ந்துவிடும். மெத்தையின் உள்ளே 50 டிகிரி ஏறாது. சின்னப் பொருட்களை, உதாரணமாகச் செருப்பு, பை போன்றவற்றை, கறுப்பு பாலிதீனில் இறுக்கக் கட்டி மாடித் தரையில் நாள் முழுக்க வைத்தால் ஓரளவு பலன் உண்டு. புத்தகங்களுக்குக் குளிர். மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் இருக்க வேண்டும். ஒரு கதவு ஃபிரிஜ்ஜின் ஐஸ் பெட்டியை இதற்கு நம்ப வேண்டாம், அவ்வளவு குளிர் பல நேரம் எட்டாது.

5. கட்டிலைத் தனித்தீவாக்குங்கள்

கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். இரும்புக் கட்டிலின் இணைப்புகளில் கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றலாம். மாடியிலோ குளியலறையிலோ வைத்துச் செய்யுங்கள், காலில் கொட்டிக்கொள்ளாதீர்கள். பிளைவுட் கட்டிலுக்கு இது ஆகாது, உப்பிவிடும். நீராவிக் கருவி ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் மெத்தைத் தையலுக்கும் மர இடுக்குக்கும் அதுதான் சிறந்தது. கருவியை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். வேகமாக ஓட்டினால் இடுக்குக்குள் சூடு இறங்காது. மூக்கு குறுகலாக இருந்தால் நீராவியின் வேகத்தில் பூச்சி பறந்து தூரப் போய் விழும், அகலமான முனையைப் போடுங்கள்.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஆறு பக்கமும் மூடும் ஜிப் உறை கிடைக்கிறது. ஒற்றைக் கட்டில் அளவு சுமார் 700 ரூபாயிலிருந்து, இரட்டைக் கட்டில் அளவு 1,000 முதல் 2,500 வரை. ஜிப்பின் முனையில் டேப் ஒட்டிவிடுங்கள், பூச்சி அந்தச் சின்ன இடைவெளியிலும் நுழையும். உள்ளே மாட்டியவை பட்டினியில் சாக ஒரு வருடம் வரை விட்டுவைப்பது நல்லது. மேல்புறத்தை மட்டும் மூடும் 'மெத்தைப் பாதுகாப்பு விரிப்பு' இதற்கு உதவாது. படம் ஒரே மாதிரி இருப்பதால் வாங்கும்போது பலர் ஏமாறுகிறார்கள்.

எறும்புக்குப் பயந்து சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே வேலையைக் கட்டில் கால்களுக்கும் செய்யலாம். ஒவ்வொரு காலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான டேப்பைச் சுற்றுங்கள், பூச்சி ஏறி உள்ளே விழட்டும். உட்புறத்தில் டால்கம் பவுடரை லேசாகத் தடவுங்கள். நம் ஊரில் அதிகம் இருக்கும் வெப்பமண்டல வகை வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் ஓரளவு ஏறக்கூடியது, பவுடர் இருந்தால் சறுக்கும். போர்வையோ கொசுவலையோ தரையைத் தொட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். கிண்ணத்தின் இன்னொரு பயன்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வாரா வாரம் அதில் எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

6. உயிரோடு விளையாடும் வைத்தியங்கள்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. மெடிக்கல் கடை, உரக்கடை, ஹார்டுவேர் கடை என்று எங்கே கேட்டாலும் ஒருவர் ஏதாவது எடுத்து நீட்டுவார்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை: நெல் மூட்டைகளுக்கு வைக்கும் மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. படுக்கையறையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் தூங்கினாலும், பக்கத்து வீட்டுக்காரர் வைத்தாலும் ஆபத்துதான். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே எலிக்காக மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். மூட்டைப்பூச்சிக்கு யாராவது "மாத்திரை வைக்கிறோம்" என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

டைகுளோர்வாஸ்: பழைய ஆட்கள் நுவான் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எங்காவது பழைய பாட்டில் கிடைத்தாலும் தொடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் வேறு எந்த மருந்தும் வீட்டுக்குள் கூடாது. டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சைதான் இருப்பதில் குறைவானது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட்: கட்டிலில் தடவிவிட்டு ஒருவர் கொசுவத்தி ஏற்றினால் போதும், மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு ஆபத்து இல்லாவிட்டாலும் பணத்தைத் தின்பவையும் உண்டு. ஒலி எழுப்பி விரட்டும் மின்கருவி, நாப்தலீன் உருண்டை, கற்பூரம், வேப்பெண்ணெய் விளக்கு. வசம்புப் பொடியும் அந்த வகைதான். டையடோமேசியஸ் எர்த் என்ற பொடி மட்டும் உண்மையிலேயே வேலை செய்யும், பூச்சியின் மேல்தோலைச் சிதைத்து உலர்த்திக் கொல்லும். ஆனால் மெதுவாக, வாரக்கணக்கில். சென்னைக் காற்றின் ஈரத்தில் இன்னும் மந்தமாகும். இடுக்குகளில் மெல்லிய படலமாக மட்டும் தூவுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மெத்தை மேல் தூவி மூச்சில் இழுக்காதீர்கள்.

7. மருந்து அடிக்க ஆளைக் கூப்பிடும்போது

இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். நான் விசாரித்தபோது ஒரு படுக்கையறை வீட்டுக்கு 1,500 முதல் 2,500 வரையும், இரண்டு படுக்கையறைக்கு 2,000 முதல் 4,000 வரையும் சொன்னார்கள். பில் போட்டால் 18% ஜிஎஸ்டி சேரும். இதைவிட ரொம்பக் குறைவாகச் சொல்பவர் பெரும்பாலும் ஒரே முறை வந்து போவதற்கான விலையைச் சொல்கிறார். அதனால் முதல் கேள்வி: "இந்த விலையில் எத்தனை சர்வீஸ்?" இரண்டுக்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் இரண்டு? மருந்துகள் முட்டையைச் சரியாகக் கொல்லாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை 6 முதல் 10 நாளில் பொரியும். குஞ்சு 5 முறை ரத்தம் குடித்துத் தோலுரித்து முட்டையிடும் பருவத்துக்கு வர, எல்லாம் கூடிவந்தாலும் 3 வாரமாவது ஆகும். அப்படியானால் எல்லா முட்டையும் பொரிந்த பிறகு, எந்தக் குஞ்சும் முட்டையிடும் முன்பு, இரண்டாவது முறை அடிக்க வேண்டும். 14 அல்லது 15-ஆம் நாள் அதற்குச் சரியாக வரும். ஒரு வாரத்திலேயே வந்து அடித்தால் பொரியாத முட்டை மிச்சமிருக்கும். "பூச்சி தெரிந்தால் கூப்பிடுங்க சார், வரோம்" என்பது இரண்டாவது சர்வீஸ் ஆகாது. தேதியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியவை:

உரிமம் இருக்கிறதா? பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் தொழிலாகப் பூச்சி மருந்து அடிப்பவர்கள் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

என்ன மருந்து? வணிகப் பெயர் போதாது, உள்ளிருக்கும் வேதிப்பொருளின் பெயர் வேண்டும். ஒரே பைரெத்ராய்டை மட்டும் அடிப்பவரைவிட, வேறு வகை மருந்தும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துபவர் மேல்.

"ஜெல் ட்ரீட்மென்ட்" என்றால்? அது கரப்பானுக்கு. கரப்பான் தீனியாகத் தின்னும், மூட்டைப்பூச்சி ரத்தம் தவிர வேறெதையும் தொடாது. மூட்டைப்பூச்சிக்கு ஜெல் வைக்கிறேன் என்பவருக்குத் தொழில் தெரியாது, இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

வாரன்டி எவ்வளவு? 60 அல்லது 90 நாள் தருபவர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த அறைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காமல், பாதியை இரண்டாவது சர்வீஸுக்கு நிறுத்தி வையுங்கள். பலர் முனகிக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், மீன் தொட்டி, பூனை எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

8. மருந்து அடிக்கும் நாள்

முந்தைய நாளே துணி வேலையை (படி 4) முடித்திருக்க வேண்டும். கட்டில்களை நடுவில் இழுத்து, மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். அலமாரி இழுப்பறைகளைக் காலி செய்து திறந்து வையுங்கள். பாத்திரம், அரிசி, குடிதண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். மீன் தொட்டியை மூடி மோட்டாரை நிறுத்துங்கள். முடிந்தால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு இருந்து, உங்கள் கோட்டுப்படத்தைக் காட்டி எல்லா இடுக்கிலும் அடிக்க வையுங்கள். தரையின் நடுவில் அடித்துவிட்டுப் போவது அதிகம் நடக்கும் ஏமாற்று.

அடித்த பிறகு 4 முதல் 6 மணி நேரம் யாரும் உள்ளே இருக்கக் கூடாது, மருந்தின் லேபிளில் அதிகம் போட்டிருந்தால் அதன்படி. திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்து, ஃபேன் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். சமையல் மேடையையும் கை படும் இடங்களையும் துடையுங்கள். கட்டிலடி, சுவரோரம், இடுக்கு ஆகியவற்றை இரண்டாவது சர்வீஸ்வரை ஈரத்துணி போட்டுத் துடைக்காதீர்கள், அங்கே ஒட்டியிருக்கும் மருந்துதான் பொரிந்து வரும் குஞ்சுக்கு எமன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்றிரவு பழைய கட்டிலிலேயே படுங்கள். முதல் சில நாட்கள் பூச்சி முன்பைவிட அதிகம் நடமாடுவது மாதிரி தெரியும், மருந்து பட்டவை வெளியே வந்து அலையும். பயந்து ஸ்ப்ரே எடுத்து அடிக்க வேண்டாம்.

9. இரண்டாவது சுற்றும் அதற்குப் பிறகும்

14-ஆம் நாளுக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து நினைவூட்டுங்கள். அதற்குள் பூச்சி ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அடிக்கத்தான் வேண்டும். "அதான் போயிடுச்சே, எதுக்குச் சார்" என்று ஆள் வராமல் நழுவுவதும், நாமும் சரி விடு என்று விடுவதும்தான் மூட்டைப்பூச்சி திரும்ப வரும் வழி. கூட்டம் அதிகமாக இருந்த வீட்டில் மூன்றாவது முறையும் 2 வாரம் கழித்து வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது சர்வீஸ் முடிந்து ஒரு வாரம் கழித்து, சுவர் வெடிப்புகளையும் ஆணி ஓட்டைகளையும் வெள்ளை சிமென்டோ பட்டியோ வைத்து அடையுங்கள். கட்டில் குழாயின் முனைகளுக்கு பிளாஸ்டிக் மூடி கிடைக்கும், எம்-சீலும் போதும். அதற்கு முன் அடைத்தால் உள்ளே மருந்து போகாது. பிறகு 8 வாரம் கிண்ணங்களையும் மெத்தைத் தையலையும் வாரம் ஒருமுறை பாருங்கள். புதுக் கறுப்புப் புள்ளி, தோல், பூச்சி எதுவும் இல்லாமல் 8 வாரம் ஓடினால் துணியைப் பையிலிருந்து அலமாரிக்கு மாற்றலாம். நடுவில் ஒன்று தெரிந்தாலும் வாரன்டியைக் கொண்டு கூப்பிடுங்கள், டேப்பில் ஒட்டிய பூச்சியும் பில்லும் கையில் இருக்கட்டும்.

10. செலவு யாருடையது?

எப்போதும் சண்டை வரும் இடம் இது. குடியேறிய முதல் சில நாட்களிலேயே கண்டுபிடித்தால் ஓனர் ஏற்க வேண்டும் என்று தைரியமாகக் கேட்கலாம். பல மாதம் கழித்து என்றால் "நீங்கதான் கொண்டுவந்தீங்க" என்பார். சட்டம் பேசுவதைவிட ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வைப்பது மேல். வீடு பார்க்கும்போதே ஒப்பந்தத்தில் "குடியேறிய 30 நாளுக்குள் மூட்டைப்பூச்சி காணப்பட்டால் ஒழிக்கும் செலவு உரிமையாளருடையது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டால் நடக்காது. ஓனர் மறுத்தால், மருந்துச் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ளும்படி கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிய பிறகுதான் கழிக்க வேண்டும். பில், வாரன்டி அட்டை, முதல் நாள் செய்தி மூன்றையும் காலி செய்யும்வரை வைத்திருங்கள். அட்வான்ஸிலிருந்து "பூச்சி மருந்துச் செலவு" என்று பிடிக்க வரும்போது உதவும்.

அடுக்குமாடியில் பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு ஆகியவற்றையும் ஒரே சமயத்தில் சோதிக்க வேண்டும். மின்குழாய் வழியாக அவை அடுத்த வீட்டுக்குப் போகும். ஹாஸ்டலிலும் மேன்ஷனிலும் ஒரு கட்டிலுக்கு மட்டும் மருந்து அடிப்பது வீண் வேலை. குறைந்தது அந்த அறை முழுவதும், ஒட்டிய அறைகளும் ஒரே நாளில் நடக்க வேண்டும். தனியாகப் போய்ப் புகார் சொல்லாமல் அறைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட கடிதமாகக் கொடுத்தால் வார்டன் கொஞ்சம் வேகமாக அசைவார்.

11. திரும்ப உள்ளே விடாமல் இருக்க

அறை பார்க்கப் போகும்போது டார்ச்சோடு போங்கள். புரோக்கர் சிரித்தால் சிரிக்கட்டும், மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம்தான். பழைய கட்டில், சோபா, மெத்தை வாங்குவதை முடிந்தவரை தவிருங்கள். இரும்பு நாற்காலி, மேசை என்றால் வாங்கி, வெளியே வைத்தே கொதிநீர் ஊற்றி உள்ளே கொண்டுவாருங்கள்.

ஸ்லீப்பர் பஸ்ஸிலும் ரயிலிலும் படுக்கும் முன் பெர்த்தின் தையலையும் சுவரோரத்தையும் பாருங்கள். பையைப் பெர்த்தின் மேல் வைக்காமல் கொக்கியில் மாட்டுங்கள். ரயிலில் பூச்சி இருந்தால் 139-க்கு அழைத்தோ ரயில்மதத் செயலியிலோ பி.என்.ஆர். எண்ணோடு அங்கேயே புகார் கொடுங்கள், போட்டோ சேருங்கள். இறங்கிய பிறகு கொடுத்தால் பெட்டியைச் சோதிக்க முடியாது. பஸ்ஸில் என்றால் டிக்கெட், போட்டோ, மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு ஆகியவற்றை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். பால்கனியிலோ குளியலறையிலோ வைத்துப் பிரித்து, போட்டிருந்த துணியையும் சேர்த்து நேராக வெந்நீருக்கோ டிரையருக்கோ அனுப்புங்கள். காலிப் பையின் ஜிப் ஓரங்களை கார்டால் ஒருமுறை கீறிப் பார்த்த பிறகு பரணில் போடலாம். ஊரிலிருந்து நண்பர் வந்து தங்கினாலும் இதே விதிதான். சங்கடமாக இருந்தால் "மாடியில கொசு மருந்து அடிச்சிருக்காங்க, பையை இங்கேயே வைங்க" என்று ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.